சிறுநீரகக் கல் வலியோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுநீரகக் கல்லின் வலியை முதன்முறையாக அனுபவிப்பவர் அதை வாயுப் பிடிப்பு என்றோ, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோதான் முதலில் நினைக்கிறார். அரை மணி நேரத்தில் அந்த எண்ணம் மாறிவிடும். விலாவின் பின்புறத்தில் ஒரு பக்கமாகத் தொடங்கும் வலி அலை அலையாக ஏறி, அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கி, குமட்டலையும் வாந்தியையும் கூட்டிக்கொண்டு வரும்போது நோயாளியால் நிதானமாக யோசிக்க முடியாது. உடன் இருப்பவருக்கும் கை கால் ஓடாது. அந்த நேரத்தில் எப்போது புறப்படுவது, அங்கே என்ன சொல்வது, என்ன கேட்டுத் தெரிந்துகொண்டு வெளியே வருவது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க உதவும் வகையில், தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் நடைமுறையை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் கல்லை எடுக்க மாட்டார்கள். வலியைத் தணிப்பார்கள், இது கல்தானா, வேறு ஆபத்தான நோயா என்று பிரித்தறிவார்கள், சிறுநீரகத்துக்கு உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு வார்டில் சேர்ப்பதா, மருந்தோடு வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவுசெய்வார்கள். ஊசி போட்டு வலி நின்றதும் கல்லும் போய்விட்டது என்று நம்பிவிடுவதுதான் இந்த நோயில் நம் மக்கள் அதிகம் செய்யும் தவறு.

வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமும் 3 முதல் 4 மி.மீ. உள்விட்டமும் கொண்டது. கல் அதில் சிக்கும்போது மேலே சிறுநீர் தேங்கி, சிறுநீரகமும் குழாயும் விரிந்து புடைப்பதால்தான் இவ்வளவு கடுமையான வலி உண்டாகிறது. கல் கீறுவதுதான் காரணம் என்று பலர் நினைப்பது முழு உண்மை இல்லை. இந்த வலி வந்தவரால் ஓரிடத்தில் படுத்திருக்க முடியாது. எழுவார், நடப்பார், குனிவார், மறுபடியும் புரள்வார். குடல்வால் அழற்சி வந்தவர் இதற்கு நேர்மாறாக, அசைந்தாலே வலிக்கும் என்று சுருண்டு அசையாமல் கிடப்பார். அனுபவமுள்ள செவிலியர்கள் ஸ்ட்ரெச்சரில் ஆள் கிடக்கும் விதத்தைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவார்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் புறப்படும் முன் உடல் வெப்பத்தை அளந்து, அளவையும் நேரத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, ஆனால் இதன் பயன் பெரிது. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன். வலியோடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்தாலும், சிறுநீர் அறவே கழியாமல் போனாலும், நோயாளிக்கு ஒரே சிறுநீரகம்தான் இருந்தாலும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டிருந்தாலும், அவர் கர்ப்பிணியாக இருந்தாலும், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

கல் போலவே வலித்துக் கல்லாக இல்லாத நோய்களும் உண்டு. 60 வயதைக் கடந்தவருக்கு வாழ்நாளிலேயே முதன்முறையாக இப்படி விலாவில் வலி வந்து, மயக்கமும் வியர்வையும் சேர்ந்திருந்தால், வயிற்றின் பெருந்தமனி வீங்கிக் கசிவதாகவும் இருக்கலாம். அங்கே நிமிடங்கள்தாம் உயிரை முடிவுசெய்கின்றன, 108-ஐ அழைத்துவிடுங்கள். சிறுவனோ இளைஞனோ அடிவயிற்று வலி என்று சொன்னால் விரையில் வலியோ வீக்கமோ இருக்கிறதா என்று கூச்சம் பார்க்காமல் கேளுங்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்புள்ள காலம் ஏறக்குறைய 6 மணி நேரமே. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு வந்த வலி கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம்.

கல்லைத் தள்ளிவிடும் என்று வலியின் நடுவே லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வைப்பதும், பீர் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். அடைபட்ட குழாய்க்கு மேலே இன்னும் சிறுநீர் சேர்ந்தால் வலிதான் கூடும். வாழைத்தண்டுச் சாற்றையும் சிறுபீளைக் கஷாயத்தையும் நம் வீடுகளில் தலைமுறைகளாகக் கொடுத்து வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. காய்ச்சல் இருக்கும் நோயாளியை அவற்றைக் கொடுத்து வீட்டில் வைத்திருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும்.

பழைய ஸ்கேன் அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை அகற்றும் சிகிச்சைகள் அந்தத் திட்டத்தில் அடங்கும் என்பதால், தகுதியுள்ள குடும்பங்கள் அட்டையை வீட்டில் விட்டுவிட்டுச் செல்லக் கூடாது.

வரவேற்பு மேசையில் சொல்ல வேண்டியவை

வந்தவர்களின் நிலையைப் பார்த்து வரிசைப்படுத்தும் செவிலியரிடம் கதையாகச் சொல்லாமல் சுருக்கமாகச் சொல்லுங்கள். வலி எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, காய்ச்சல் இருந்ததா என்பவை போதும். வழியில் யாராவது ஊசியோ காய்ச்சல் மாத்திரையோ கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் உடல் வெப்பம் அங்கே இயல்பாகக் காட்டும். நீங்கள் சீட்டில் குறித்து வைத்த 101 டிகிரிதான் அப்போது உண்மையைச் சொல்லும்.

இன்னும் சில செய்திகளை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகி கிரியேட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் உள்ள ஒரு கழிவு) அளவு உயர்ந்திருப்பது, குடற்புண், ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒவ்வாத மருந்து, கர்ப்பம் ஆகியவையே அவை. முதலில் போடப்போகும் வலி ஊசி எது என்பதையே இவற்றுள் பல மாற்றிவிடும்.

வலிக்கு முதல் மருந்து

ஊசிகளில் மார்ஃபின்தான் பெரியது, மற்றவை எல்லாம் சும்மா என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. கல் வலியைப் பொறுத்தவரை அது சரியன்று. கத்தாரின் தோஹாவில் 1,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், தசையில் போடும் 75 மி.கி. டிக்ளோஃபெனாக், நரம்பு வழியாகச் செலுத்தும் 1 கிராம் பாராசிட்டமால், மார்ஃபின் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் டிக்ளோஃபெனாக் பெற்றவர்களில் 68 சதவீதம், பாராசிட்டமால் பெற்றவர்களில் 66 சதவீதம், மார்ஃபின் பெற்றவர்களில் 61 சதவீதம். டிக்ளோஃபெனாக் வகை மருந்துகள் வலியை மறக்கடிப்பதோடு நிற்காமல் சிறுநீர்க் குழாயின் வீக்கத்தையும் சிறுநீரகத்துக்குள் ஏறும் அழுத்தத்தையும் குறைப்பதால்தான் உலகெங்கும் அவற்றையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனால் சிறுநீரகம் பழுதானவர், குடற்புண் உள்ளவர், வலி மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த ஆஸ்துமா நோயாளி, கர்ப்பிணி போன்றவர்களுக்கு அது ஏற்றதன்று. அவர்களுக்குப் பாராசிட்டமாலும் தேவைப்பட்டால் மார்ஃபின், டிராமடால் போன்றவையும் உண்டு. ஊசி போட்டு அரை மணி நேரமாகியும் வலி அடங்கவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை, அடுத்த மருந்தைக் கேளுங்கள். மருந்து கொடுத்தும் அடங்காத வலி மருத்துவருக்கும் ஒரு தகவல்தான். வார்டில் சேர்க்க வேண்டும் என்பதற்கோ, நோயே வேறு என்பதற்கோ அது அறிகுறியாக இருக்கலாம்.

குளுக்கோஸ் ஏற்றினால் கல் இறங்கிவிடும் என்று பலர் பாட்டில் மேல் பாட்டிலாகக் கேட்கிறார்கள். வாந்தியால் உடலில் நீர் வற்றியிருந்தால் டிரிப் தேவை; கல்லை அது வேகமாக வெளியேற்றும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. உடன் வந்தவர்கள் டீயோ இட்லியோ வாங்கி வந்து கொடுப்பதற்கு முன் செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். அன்றே மயக்க மருந்து கொடுத்து ஏதேனும் செய்ய வேண்டிவந்தால் நிறைந்த வயிறு தடையாகும்.

பரிசோதனைகளும் ஸ்கேன் அறிக்கையும்

எளிய சிறுநீர்ப் பரிசோதனைதான் இங்கே மிக முக்கியமானது. சிறுநீரில் இரத்த அணுக்கள் இருப்பது கல்லைச் சுட்டும். ஆனால் கல் இருந்தும் இரத்தம் தென்படாதவர்களும் உண்டு என்பதால், இரத்தம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கல் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சீழ் அணுக்களும் கிருமியின் அடையாளங்களும் இருக்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். இரத்தத்தில் கிரியேட்டினினும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் பார்ப்பது வழக்கம்.

ஸ்கேன் விஷயத்தில் சி.டி. எடுக்காவிட்டால் சிகிச்சை குறைபட்டுவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவின் 15 மருத்துவமனைகளில் 2,759 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு சி.டி. தேவைப்பட்டது உண்மைதான், ஆனாலும் முதலிலேயே சி.டி. எடுக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்தான நோய் தவறவிடப்பட்டதிலோ, வலியிலோ, திரும்ப மருத்துவமனைக்கு வர நேர்ந்ததிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கதிர்வீச்சோ குறைவாகவே பட்டது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டே பொருத்தம். வயதானவர், காய்ச்சல் உள்ளவர், நோய் எதுவென்று தெளிவாகாதவர் ஆகியோருக்குச் சி.டி. கேயூபி என்ற ஸ்கேன் மிகத் துல்லியமாகக் கல்லைக் காட்டும். அதற்குச் சாயம் செலுத்த வேண்டியதில்லை. குறைந்த கதிர்வீச்சு அளவில் எடுக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் மூன்று செய்திகளை அதில் தேடுங்கள். முதலாவது, கல்லின் அளவு மில்லிமீட்டரில்; 2 மி.மீ. என்றால் கடுகு அளவு, 5 மி.மீ. என்றால் ஏறத்தாழ மிளகு அளவு. இரண்டாவது, அது இருக்கும் இடம். வி.யு.ஜே. என்று எழுதியிருந்தால் சிறுநீர்க் குழாய் சிறுநீர்ப் பைக்குள் நுழையும் வாசல், அதாவது வெளியேறும் வழியின் கடைசிக் குறுகல், பி.யு.ஜே. என்றால் சிறுநீரகத்திலிருந்து குழாய் புறப்படும் மேல் முனை. மூன்றாவது, ஹைட்ரோனெஃப்ரோசிஸ் அல்லது ஹெச்.யு.என். என்ற சொல்; சிறுநீர் தேங்கிச் சிறுநீரகமோ அதனுடன் குழாயுமோ விரிந்திருப்பதை அது குறிக்கும். பக்கத்தில் மைல்டு, மாடரேட், சிவியர் என்று எழுதியிருப்பது அந்த விரிவு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்பதைச் சொல்லும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் அடுத்து மருத்துவர் சொல்வது எல்லாம் புரியும்.

காய்ச்சல் இருந்தால் கணக்கே வேறு

என் தாய்மாமாவுக்கு 54 வயதில் நள்ளிரவில் இந்த வலி வந்தது. அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் இடுப்பில் ஊசி போட்டார்கள், வலி அடங்கியது, உடல் வெப்பத்தையும் யாரும் பார்க்கவில்லை, சிறுநீரையும் பரிசோதிக்கவில்லை. மறுநாள் மாலை அவருக்குப் பற்கள் தட்டும்படி குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. அத்தை மலேரியாவாக இருக்கும் என்று நினைத்தார். அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது. அன்று இரவே அடைப்பைத் தாண்டி ஒரு ஸ்டென்ட் குழாயைச் செலுத்தினார்கள். வெளியே வந்த சிறுநீர் மோர் போலக் கலங்கி இருந்ததாக மருத்துவர் எங்களிடம் சொன்னார். அவர் பிழைத்தார். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்தால் அது மூடிய சீழ்க்கட்டியைப் போன்றது. கட்டியைக் கீறாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் எப்படி ஆறாதோ, அப்படியே இங்கும் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது; தேங்கியதை வடித்தாக வேண்டும். சிறுநீர்ப் பை வழியாக டி.ஜே. ஸ்டென்ட் வைப்பது ஒரு வழி; முதுகுப்புறத்திலிருந்து நேராகச் சிறுநீரகத்துக்குள் சிறு குழாய் செருகி வடிக்கும் பி.சி.என். மற்றொரு வழி. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல் அடைப்போடு செப்சிஸ் என்னும், கிருமித் தொற்று உடல் முழுவதையும் பாதிக்கும் நிலைக்குப் போனவர்களில் வடிக்கப்படாதவர்களின் இறப்பு 19.2 சதவீதமாகவும், வடிக்கப்பட்டவர்களின் இறப்பு ஏறத்தாழ 8.8 சதவீதமாகவும் இருந்தது. எனவே காய்ச்சலும் அடைப்பும் சேர்ந்திருக்கும் நோயாளிக்காக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “இங்கே இன்றே வடிக்க முடியுமா, இல்லையென்றால் எங்கே அனுப்புகிறீர்கள்?” என்பதுதான். சிறுநீரகவியல் அறுவை நிபுணர் இல்லாத இடத்தில் காத்திருப்பதைவிட, முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதற்கு இணையான இடத்துக்கோ 108-இல் மாறுவது நல்லது. கல்லை எடுப்பது அன்றைய வேலையில்லை. கிருமி அடங்கிய பிறகு, வாரங்கள் கழித்து அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது

மாத்திரையில் வலி அடங்கி, வாந்தி நின்று, காய்ச்சல் இல்லாமல், கிரியேட்டினின் இயல்பாக இருந்து, இரண்டு சிறுநீரகங்களும் உள்ளவரை வீட்டுக்கு அனுப்புவது முறையான சிகிச்சைதான். ‘சேர்க்காமல் துரத்திவிட்டார்கள்’ என்று வருந்த வேண்டாம். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடாமல், கல்லின் அளவும் இடமும் அதில் எழுதப்பட்டுள்ளனவா, அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தேதி இல்லை என்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கலிஃபோர்னியாவில் 2008, 2009 ஆண்டுகளில் கல்லுக்காக அவசர சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 1,28,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர் 30 நாள்களுக்குள் மறுபடியும் அவசர சிகிச்சைக்கு வந்தார்; அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வார்டில் சேரவோ அவசரமாக அடைப்பை நீக்கவோ வேண்டியிருந்தது. ஆகவே, திரும்பி வர நேர்ந்தால் அது யாருடைய தோல்வியும் இல்லை. வாய்வழி மருந்துக்கு அடங்காத வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல் அல்லது நடுக்கம், சிறுநீர் நின்றுபோவது ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும், உடனே திரும்பி வாருங்கள்.

காத்திருக்கும் வாரங்கள்

5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், 5 முதல் 10 மி.மீ. வரையுள்ளவற்றில் ஏறக்குறைய பாதியும் தாமாகவே வெளியேறுகின்றன. கல் கீழே இறங்கியிருக்க இருக்க வாய்ப்பும் கூடும். கல் இறங்க ஏதுவாகச் சிறுநீர்க் குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் என்ற மாத்திரையைச் சிலருக்கு எழுதிக் கொடுப்பார்கள். 2015-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் அது பயன் தரவில்லை என்றாலும், குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள 5 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களுக்கு உதவக்கூடும் என்று வேறு ஆய்வுகளின் அடிப்படையில் மருத்துவர்கள் இன்றும் அதைக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம்.

கல்லைப் பிடித்து வைப்பது அவசியம். இதற்கென்றே ஒரு பழைய டீ வடிகட்டியை ஒதுக்கி, அதன் மேல் மெல்லிய வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு முறையும் அதன் வழியாகச் சிறுநீர் கழியுங்கள். பழுப்பு நிற ரவைத் துணுக்கு போல ஏதேனும் தங்கினால் கழுவிக் காயவைத்து ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள். அது எந்த வகைக் கல் என்று ஆய்வகத்தில் தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க என்ன செய்யலாம் என்று சொல்ல முடியும். நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரியுமளவு தண்ணீர் குடிப்பதும் உப்பைக் குறைப்பதும் எல்லா வகைக் கல்லுக்கும் பொருந்தும். கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டாம். உணவில் கால்சியம் குறைந்தால் குடலிலிருந்து உறிஞ்சப்படும் ஆக்ஸலேட்டு (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) கூடி, கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும்.

வலியே இல்லாமல் போனாலும் கல்லைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், குறித்த தேதியில் மறு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அடைப்பு நீடிக்கும்போதே வலி ஓய்ந்துபோவதும் உண்டு. அப்போது சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்குள் கல் வெளியேறவில்லை என்றால் அதிர்வலையால் உடைப்பதா, சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி செலுத்தி எடுப்பதா என்று நிபுணர் முடிவுசெய்வார்.

ஸ்டென்ட் வைத்து அனுப்பப்பட்டவர்களுக்கு

ஸ்டென்ட் உள்ளே இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும், கழிக்கும்போது விலாவில் இழுத்துப் பிடிப்பதும், நடந்த நாளில் சிறுநீர் லேசாகச் சிவப்பதும் இயல்பு. இந்தத் தொல்லைகள் சில வாரங்களில் பழகிப்போய்விடுவதால்தான் பலர் அதை மறந்தே போகிறார்கள். வழக்கமாக மூன்று மாதங்களுக்குள், பெரும்பாலும் அதற்கும் முன்னதாகவே, எடுக்க வேண்டிய அந்தக் குழாய், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே கல் படிந்து, எளிதாக உருவி எடுக்க வேண்டியதற்குப் பல அறுவை சிகிச்சைகள் தேவைப்படும் நிலை வரும். வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டில் தினசரி கிழிக்கும் காலண்டரில் அந்தத் தேதித் தாளின் மேல் பெரிதாக ‘ஸ்டென்ட்’ என்று எழுதி, வீட்டில் இன்னொருவரின் கைப்பேசியிலும் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.